சேதாரம்

புதுசு என்றால் ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம்.
பெங்களூரிலிருந்து வரும், பெட்டிக்குள் பெட்டியாக.
ஐம்பது மில்லிமீட்டர் ஆழத்தில் கார்பன் விளிம்பு,
இன்னும் யார் வியர்வையும் சொட்டாதது.

பழசு ஐம்பத்தைந்து.
ஏற்காட்டில், ஒண்டிக்கடை தாண்டி,
சுகிர்தா தாமஸ் வீட்டுத் துணிக்கொடிக்குப் பக்கத்தில்
ஜோடியாகத் தொங்குகிறது.

நான் செவ்வாப்பேட்டையில் நகை மதிப்பீட்டாளன்.
பத்து மணியிலிருந்து ஊரார் தாலிக்கொடியைக்
கல்லில் உரசிப் பார்ப்பது பிழைப்பு.
கடை வாசலைத் தாண்டிய நொடியில்
செய்கூலியும் சேதாரமும் காற்றோடு போய்விடும்.
எடைக்குத்தான் எழுதுவேன்.
அந்த ஒரு வரிக்கு
எத்தனை முகங்கள் சுருங்கியிருக்கின்றன.

எனக்குத் தெரியாதா,
ஒரு லட்சத்து நாற்பத்தெட்டில் சக்கரம் எவ்வளவு,
பெட்டி எவ்வளவு என்று?
தெரியும். ஆனாலும் மூன்று வாரம்
ராத்திரியெல்லாம் போனில் அந்தக் கறுப்பைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
"யார் அவ?" என்றாள் மனைவி.

ஞாயிறு விடியலில் மலையேறினேன்,
என் அலுமினியச் சக்கரத்திலேயே.
இருபது கொண்டை ஊசி.
காற்றைக் கிழிக்கும் சக்கரத்துக்கு இங்கே வேலையில்லை.
இந்த ஏற்றத்தில் நாம் போகும் வேகத்துக்குக்
காற்று நம்மைக் கண்டுகொள்வதே இல்லை.
அது தேவைப்படுவது ஓமலூர் ரோட்டில்,
தீவட்டிப்பட்டிப் பக்கம், எதிர்க்காற்று
நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்போது.
இதையெல்லாம் எனக்கே விளக்கிக்கொண்டு
எட்டாம் வளைவில் குரங்குகளுக்கு நடுவே
மூச்சு வாங்கினேன்.

எஸ்டேட்டில் கணக்கெழுதுகிறவர் சுகிர்தா.
இடது மணிக்கட்டில் தையல் தடம்.
"இது அடுப்படியில ஆனது" என்றார்,
நான் கேட்பதற்கு முன்பே.

பின்சக்கரத்தைச் சுழலவிட்டுக் காதை வைத்தேன்.
பேரிங்கில் மணல் இல்லை.
கம்பிகளைக் கிள்ளினேன். இருபத்து நாலும் சரியான இழுவை.
ஐந்து ரூபாய் நாணயத்தால் விளிம்பைச் சுற்றித்
தட்டிக்கொண்டே வந்தேன்.
டிக். டிக். டிக். வட்டம் முடியும்வரை டிக்.

முன்சக்கரத்தை மடியில் வைத்தேன்.
பாதி வட்டம் கூட வரவில்லை.
"அங்க நிறுத்துங்க சார்.
தட்டினா உங்களுக்கே கேட்டுடும்.
நானே சொல்லிடறேன்."

மார்கழி மூடுபனி. முன்னால் ஒரு பஸ்.
பதினைந்தாம் வளைவிலிருந்து ஆறு வரைக்கும்
பிரேக்கிலிருந்து விரலே எடுக்கவில்லை.
அடிவாரத்தில் ஏதோ கருகிய வாசனை.
பஸ்ஸுடையது என்றே நினைத்தாராம்.
மறுநாள் துடைக்கும்போது
தோசை எழும்புவது போல
கைக்கு மட்டும் தெரிகிற ஒரு மேடு.

தட்டினேன்.
டொக்.

என் மேஜைக்கு வருகிறவர்கள் எல்லாரும்
"எங்கம்மா போட்டது, சுத்தத் தங்கம்" என்பார்கள்.
உரைகல்லை எடுப்பேன். மேலே பார்ப்பார்கள், ஃபேனை.
பதினேழு வருஷத்தில் ஒருவர் கூட
உரசுவதற்கு முன் என் கையைப் பிடித்ததில்லை.

பின்சக்கரத்துக்கு இருபத்தேழு.
ஆயிரம் குறைத்துக் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை.
கார்பனுக்கான பிரேக் கட்டைகளைத்
தினசரித் தாளில் மடித்துத் தந்தார்.
"முன்னதை என்ன பண்றது?" என்று கேட்டார்.
கொடியில் அது மட்டும் ஒரு துண்டுக்குப் பக்கத்தில்
லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
எனக்குப் பதில் தெரியவில்லை.

இறக்கத்தில் முதுகோடு கட்டிய சக்கரம்
வளைவுக்கு வளைவு காற்றைப் பிடித்துப்
பள்ளத்தை எட்டிப் பார்க்கச் சொன்னது.
நான்கு இடத்தில் நின்று
என் பழைய விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன்.
சூடு. அலுமினியம்தான், ஆறிவிடும்.
ஆனாலும் நின்றேன்.

முன்னால் அலுமினியம், பின்னால் கார்பன்.
வேட்டிக்கு மேலே கோட்டு மாட்டியது போல நிற்கிறது வண்டி.
"ஒண்ணுதானா?" என்றாள் மனைவி.
குனிந்து வளையலால் விளிம்பைத் தட்டினாள்.

டிக்.

"நல்லாத்தான் இருக்கு.
எத்தனை பவுன்?"